டாக்டர் கையில் ஏஐ: எந்த வேலையைக் கொடுக்கலாம்?

(காட்சி: திரை முழுக்க ஒரு விழித்திரைப் படம். ஆரஞ்சு நிறம், கிளை பிரியும் ரத்தக் குழாய்கள்.)

இது ஒரு சர்க்கரை நோயாளியின் விழித்திரை. அங்கங்கே சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன, பாருங்கள். இந்தக் கண்ணுக்கு உரியவர் இன்றைக்குப் பேப்பர் படிப்பார், வண்டி ஓட்டுவார், பார்வையில் ஒரு குறையும் இல்லை என்பார். குறை தெரிய ஆரம்பிக்கும்போது பல பேருக்கு விழித்திரை நோய் முற்றியிருக்கும். அதனால்தான் சர்க்கரை இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. அத்தனை பேருடைய இரண்டு கண்களையும் வருஷா வருஷம் பார்ப்பதற்கு விழித்திரை நிபுணர்களுக்கு எங்கே போவது? டாக்டர்களுக்கு ஏஐ எதற்கு என்று யாராவது கேட்டால், மதுரைக்காரர்கள் இந்த இடத்தில் இருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

(காட்சி: மதுரை அண்ணா நகர், அரவிந்த் கண் மருத்துவமனை.)

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த மருத்துவமனை இது. விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஒரு கணினி நிரலைக் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கியபோது, அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதற்குள் போயின. மொத்தம் 1,28,000-க்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 கண் டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறித்தார்கள். புள்ளி என்றால் இது, கசிவு என்றால் இது என்று நிரலுக்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. படத்தையும் டாக்டர்கள் குறித்ததையும் மறுபடி மறுபடி ஒப்பிட்டு, தானே பிடித்துக்கொண்டது. 2016-ல் இந்த ஆய்வு வெளியானது.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். சேமித்து வைத்த படங்களில் ஜெயித்தது, அன்றாடம் வரும் நோயாளிகளிடம் ஜெயிக்குமா? அரவிந்த், சங்கர நேத்ராலயா இரண்டிலும் 3,049 பேரிடம் சோதித்து 2019-ல் முடிவைச் சொன்னார்கள். அரவிந்தில், மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் இருந்த 100 பேரில் ஏறக்குறைய 89 பேரை நிரல் கண்டுபிடித்தது. அதே படங்களைப் பார்த்த மனிதர்களின் திறமைக்கு இது சமம், சில இடங்களில் அதைவிடவும் மேல்.

மீதி 11 பேர்? அவர்களுக்கு "ஒன்றும் இல்லை" என்ற பதில் போயிருக்கும். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் எந்த டாக்டரும் இப்படி ஒரு கருவியை வாங்கக் கூடாது. விற்க வருகிறவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: எத்தனை பேரைத் தவறவிடும்? எந்த ஊர் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது?

தாய்லாந்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இதே வகைக் கருவியை அங்கே 11 கிளினிக்குகளில் வைத்தபோது, எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் "தெளிவில்லை" என்று நிரல் திருப்பிவிட்டது. அறையில் போதுமான இருட்டு இல்லை. இன்டர்நெட் மெதுவாக இருந்ததால் வரிசை நகரவே இல்லை. நர்ஸ்கள்தான் அல்லாடினார்கள். உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ ஒரு கேமராவை வைக்கப் போகிறீர்கள் என்றால், நிரலைப் பற்றி யோசிக்கும் முன்பு ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

(காட்சி: ஓபி அறை. மேஜை மேல் கேஸ் ஷீட்டுகள்.)

சரி, எல்லோரும் கண் டாக்டர் இல்லை. திருமங்கலத்தில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பொது மருத்துவர் என்ன செய்யலாம்?

நான் சொல்வது ஒரே அளவுகோல். ஏஐ கொடுத்த பதில் சரியா தப்பா என்று உங்களால் அரை நிமிஷத்தில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அந்த வேலையைக் கொடுங்கள். முடியாது என்றால் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு மருந்தின் டோஸை அதனிடம் கேட்டால், அது தப்பாகச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. தெரிந்த விஷயத்தை எழுதித் தரச் சொன்னால், தப்பு கண்ணில் குத்தும்.

ஒரு உதாரணம். இன்சுலின் போடும் பாட்டி, வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. "ஃப்ரிட்ஜில் வைக்கவும்" என்று அச்சடித்த தாளைக் கொடுத்து என்ன பயன்? ஏஐயிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

(திரையில் எழுத்து: "நோயாளிக்கு 65 வயது, இன்சுலின் போடுகிறார், வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மண்பானை, ஈர மணல் வைத்து இன்சுலினைக் குளிர்ச்சியாக வைப்பது எப்படி, சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்வது என்று பேசுவது மாதிரி எளிய தமிழில் ஆறு வரி எழுது. மருந்தின் அளவு எதையும் சொல்லாதே.")

வருவதை நீங்கள் படித்துத் திருத்துங்கள். அப்புறம் உங்கள் நர்ஸை ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற இடத்தில் பாட்டியும் தடுமாறுவார்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ரெஃபரல் கடிதம், இன்சூரன்ஸுக்கு எழுதும் விளக்கம் எல்லாம் இந்த வகைதான். வரைவை வாங்கிக்கொண்டு மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள்: இடதா வலதா, மருந்தின் அளவு, "இல்லை" என்று நீங்கள் சொன்னது "உண்டு" என்று மாறியிருக்கிறதா. மற்ற வேலைகளுக்கும் இதே கதைதான். ட்யூட்டி ரோஸ்டர், கருத்தரங்குக்கு ஸ்லைடு, குடும்பப் பயணத்துக்குத் திட்டம், தாராளமாகக் கேட்கலாம். ஆய்வுக் கட்டுரையைச் சுருக்கித் தரச் சொல்வதாக இருந்தால் கட்டுரையையே ஏற்றிவிட்டுக் கேளுங்கள். வெறுமனே கேட்டால், இல்லாத கட்டுரைக்குக்கூடத் தலைப்பும் ஆண்டும் போட்டுக் கொடுத்துவிடும்.

நோயாளியோடு பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயலிகள் வந்துவிட்டன. கம்ப்யூட்டரைப் பார்த்துத் தட்டாமல் நோயாளியின் முகத்தைப் பார்க்கலாம் என்பதற்காகவே எனக்கு இவற்றைப் பிடிக்கும். ஆனால், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற நிரலை ஆராய்ந்தவர்கள், சுமார் 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாரும் பேசாத வாக்கியங்களை அது எழுதியிருந்ததை 2024-ல் காட்டினார்கள். பேச்சில் நீண்ட இடைவெளி விடுபவர்களிடம் இது அதிகம் நடந்தது. பக்கவாதம் வந்து பேச்சு திக்கித் திணறி வரும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாததைச் சொன்னதாகக் கேஸ் ஷீட்டில் ஏற்றுவது எவ்வளவு பெரிய அநியாயம்! நோயாளியிடம் முதலில் சம்மதம் கேளுங்கள், அவர் எழுந்து போவதற்குள் குறிப்பைப் படித்துவிடுங்கள்.

(காட்சி: மொபைலில் எக்ஸ்ரே படம். மூலையில் இருக்கும் பெயர் மறைக்கப்படுகிறது.)

எக்ஸ்ரேயையோ ரிப்போர்ட்டையோ இலவசச் செயலியில் ஏற்றும் முன் அதன் மூலைகளைப் பாருங்கள். பெயர், வயது, ஓபி எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் (தொலைவில் இருந்தே மருத்துவம் பார்ப்பது) வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. ஏஐ டாக்டருக்கு உதவலாம். நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் மருந்து எழுதுவதும் பதிவு பெற்ற டாக்டர் மட்டுமே செய்ய வேண்டியவை. கையெழுத்து யாருடையதோ, பொறுப்பும் அவருடையதுதான்.

(காட்சி: மருத்துவக் கல்லூரி வகுப்பறை.)

கடைசியாக, மதுரை ராஜாஜி மருத்துவமனை மாதிரி இடங்களில் பயிற்சியில் இருக்கும் பிஜி (மேற்படிப்பு) மாணவர்களிடம் ஒரு விஷயம். போலந்தில் குடல் எண்டோஸ்கோபி செய்யும் அனுபவசாலி டாக்டர்களிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஏஐ உதவி வருவதற்கு முன்பு, அவர்கள் செய்த பரிசோதனைகளில் 28.4 சதவீதத்தில், பின்னால் புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். ஏஐக்குப் பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் இது 22.4 சதவீதமாக இறங்கியது. இந்த ஆய்வு 2025-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்தது. அனுபவசாலிகளுக்கே இந்த நிலை என்றால், இப்போதுதான் கண் பழகிக்கொண்டிருக்கும் உங்களுக்கு?

எக்ஸ்ரேயை முதலில் நீங்கள் பாருங்கள். உங்கள் முடிவைப் பேனாவால் எழுதுங்கள். பிறகு ஏஐயைத் திறங்கள். உங்கள் பதிலும் அதன் பதிலும் வேறுபடுகிற கேஸ்களை மட்டும் தனியாக ஒரு நோட்டில் சேர்த்து, வாரம் ஒரு முறை உங்கள் சீனியரோடு உட்கார்ந்து பேசுங்கள். யார் சொன்னது சரி, ஏன் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.