கல் சுமந்தவர்களுக்கு இவ்வளவுதானா நேரம்?

வணக்கம். அரண்மனைச் சதித் தொடர் எதையும் பாதிக்கு மேல் நான் தாங்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதை மட்டும் முழுவதும் பார்த்துவிட்டேன், இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. மோசமான தொடராக இருந்திருந்தால் அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பேன். பாதி அருமையாக இருப்பதுதான் தொல்லை.

ஸ்பானியத் தொடர், பெயர் ‘லா கத்தெத்ரால் தெல் மார்’. பார்சிலோனாவின் கடலோரப் பேட்டையில் சாந்தா மரியா தெல் மார் என்ற தேவாலயம் எழுந்த காலத்துக் கதை. 1329 இல் அடிக்கல், 1383 இல் வேலை முடிந்தது. அந்தக் காலத்துப் பெரிய தேவாலயங்கள் பல நூற்றாண்டுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தன. ஆளுக்கு ஆள் பாணியும் மாறியது. இது சட்டென முடிந்ததால் அடி முதல் முடி வரை ஒரே கை செதுக்கியதுபோல் இருக்கிறது.

கதாநாயகன் அர்னாவ், பண்ணையடிமையின் மகன். கைக்குழந்தையாக இருந்த அவனைத் தூக்கிக்கொண்டு அப்பா பார்சிலோனாவுக்கு ஓடி வருகிறார். நகரத்துக்குள் பிடிபடாமல் ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்துவிட்டால் அடிமைத்தளை அறுந்துவிடும், அதுதான் அங்கே சட்டம். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. சொல்ல மறந்துவிட்டேன், மொத்தம் 8 பகுதிகள்தான். 2018 இல் வந்தது. இல்தெஃபோன்சோ ஃபல்கோனெஸ் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது.

அப்புறம் அந்தச் சுமைகூலிகள்! பஸ்தாஷோஸ் என்று பெயர். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவது அவர்கள் தொழில். தேவாலயத்துக்கு மட்டும் மொன்ஜுயிக் குன்றில் வெட்டிய கல்லைக் கூலி வாங்காமல் முதுகில் சுமந்து வந்தார்கள். தலைக்கும் கழுத்துக்கும் சும்மாடு, குனிந்த நடை. சிறுவன் அர்னாவ் முதல் கல்லைத் தூக்கும் இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

எழுந்து நின்றதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அரிசி வாங்கப் போனேன். 25 கிலோ மூட்டை. மாடிக்குக் கொண்டுவந்து வைக்கக் கடைக்காரர் 50 ரூபாய் தனியாகக் கேட்டார். ஐம்பது! போன மாதம் முப்பதுதான். ‘ஏன் அண்ணே ஏறியது?’ என்றேன். ‘படி அப்படியே இருக்கிறது தம்பி, பையனுக்குத்தான் மூச்சு வாங்குகிறது’ என்றார். சரி, துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டு நானே தூக்கினேன். இரண்டாம் மாடி வரை எங்கும் இறக்கி வைக்கவில்லை. கீழ்வீட்டு அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடிக்கொண்டார். அந்த ஐம்பது ரூபாயைச் செலவழிக்காமல் தனியாக வைத்திருக்கிறேன். இதோ, தெரிகிறதா? கழுத்து இன்னும் வலப்பக்கம் திரும்பவில்லை, அதனால்தான் இன்று நேராகவே பார்த்துப் பேசுகிறேன்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஆட்களைக் கையில் வைத்துக்கொண்டு, தொடர் படுக்கையறைக்கும் பழிவாங்கலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரபு கொடியவர், பிரபுக் குடும்பத்துப் பெண் அதைவிடக் கொடியவள், அப்புறம் கொள்ளைநோய், திருச்சபையின் மத விசாரணை மன்றம். அர்னாவ் காசு மாற்றும் வணிகனாகி, பிரபுவும் ஆகிவிடுகிறான். ஆகட்டும். ஆனால் கட்டடம் வளர்வதை எனக்கு இன்னும் காட்டியிருக்க வேண்டாமா? உள்ளே எட்டுப்பட்டைத் தூண்கள் ஏறத்தாழ 13 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அவ்வளவு தள்ளித் தள்ளித் தூணை நிறுத்தி மேலே கல் கூரை வளைப்பது விளையாட்டா? அதுவே ஒரு பகுதிக்குப் போதுமான பரபரப்பு. எனக்கு அதுதான் சண்டைக்காட்சி.

நடுவில் விட்டுப்போனது ஒன்று: முகப்பில் இன்றிருக்கும் பெரிய வட்டச் சாளரம் கதையின் காலத்தது அல்ல. பழையது 1428 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. 1936 இல் உள்ளே வைத்த தீ 11 நாள் எரிந்தது, பலிபீடங்கள் போயின, தூண்கள் நின்றன. பெரிய கதவில் கல் சுமக்கும் இரண்டு ஆட்களை வெண்கலத்தில் வார்த்துப் பதித்திருக்கிறார்கள். பிரபுக்களுக்கு அந்தக் கதவில் இடம் கொடுக்கவில்லை, தொடர் எடுத்தவர்கள்தான் கொடுத்துவிட்டார்கள்.

2022 இல் இதன் தொடர்ச்சியும் வந்திருக்கிறது. அதில் தேவாலய வேலை முடிந்துபோய், கதை திராட்சைத் தோட்டத்துக்கும் ஒயினுக்கும் நகர்ந்துவிடுகிறது. பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், கல் இல்லாத இடத்தில் எனக்கு வேலை இல்லை. அடுத்த வாரம் வேறு ஏதாவது பாலம், அணை என்று இருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.