பிறந்த மேகத்தைக் கலைக்கும் விண்மீன்

எல்லோருக்கும் வணக்கம்.

விண்மீன் பிறக்க வாயு மேகம் வேண்டும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். ஆனால் ஒரு பெரிய மேகத்தில் உள்ள வாயுவில் நூற்றுக்குச் சில பங்குதான் விண்மீனாகிறது. மீதியெல்லாம் கலைந்துபோகிறது. கலைப்பது யார்? பெரும்பாலும் அந்த மேகத்திலேயே பிறந்த விண்மீன்கள்தான்.

ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தையே எடுத்துக்கொள்வோம். தை மாதத்து ராத்திரியில் சிவப்பாகத் திருவாதிரை தெரியும். அதிலிருந்து கொஞ்சம் தள்ளி மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குத் தெற்கே, புகை படிந்த மாதிரி மங்கலாக ஒன்று தெரிகிறதே, அதுதான். தூரம் சுமார் 1,350 ஒளியாண்டு.

அதன் நடுவில் நெருக்கமாக நான்கு விண்மீன்கள். அவற்றில் பெரியதன் பெயர் தீட்டா 1 ஓரியானிஸ் சி. நிறை சூரியனைப் போல 30 மடங்குக்கும் மேல். மேற்பரப்பு வெப்பம் சுமார் 39,000 டிகிரி, சூரியனுக்கு 5,500தான். இது கக்கும் புற ஊதா ஒளி பட்டுத்தான் நெபுலா முழுவதும் ஒளிர்கிறது. ஒளி மட்டுமா? விநாடிக்கு 2,500 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசுகிறது, அதாவது விண்மீனின் மேற்பரப்பிலிருந்து வாயு வெளியே பாய்கிறது.

சரி, இந்தக் காற்று என்ன செய்யும்? இதற்குத் தெளிவான பதில் ஒரு விமானத்திலிருந்து கிடைத்தது. சோஃபியா என்று பெயர். போயிங் 747 விமானத்தின் பின்பகுதியில் கதவு அமைத்து, பறக்கும்போதே அதைத் திறந்து, உள்ளே இருக்கும் தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்தார்கள். நம் காற்றிலுள்ள நீராவி தூர அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடும் என்பதால்தான் அவ்வளவு உயரம் போக வேண்டியிருந்தது. அயனியான, அதாவது எலக்ட்ரானை இழந்த, கார்பன் 158 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கதிர் விடும். அந்த அலைநீளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் வாயு ஓடும் வேகம் தெரிந்துவிடும்.

2019இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தின் கொர்னீலியா பாப்ஸ்ட் குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காற்று பத்து ஒளியாண்டுக்கும் அகலமான ஒரு குமிழியை ஊதியிருக்கிறது. அதன் ஓடு விநாடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. உள்ளே 20 லட்சம் டிகிரி சூட்டில் வாயு. அது எக்ஸ் கதிரில் தெரிகிறது. மேகத்தைக் குலைப்பதில் புற ஊதா ஒளியைவிட, ஏன், இந்த விண்மீன் பின்னாளில் சூப்பர்நோவாவாக வெடிப்பதைவிடவும் இந்தக் காற்றுக்கே பங்கு அதிகம் என்கிறார்கள். என்னை மிகவும் அசத்திய முடிவு இது. சாவுக்குக் காத்திராமல் இளமையிலேயே வேலையை முடித்துவிடுகிறது!

அப்புறம், பக்கத்தில் இருக்கும் சின்ன விண்மீன்களின் நிலைமை. அவற்றைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டு போலச் சுழல்கின்றன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் பல தட்டுகள் கண்ணீர்த்துளி வடிவில் இருக்கின்றன. தலை பெரிய விண்மீனைப் பார்க்கிறது. வால் எதிர்ப்பக்கம் நீள்கிறது. ஒளி பட்டுத் தட்டின் வாயு ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கோள்கள் அந்தத் தட்டில்தான் உருவாக வேண்டும். வாயு தீர்வதற்குள் வியாழன் மாதிரி ஒன்று திரண்டுவிட்டால் உண்டு. இல்லாவிட்டால், மிஞ்சுகிற தூசியிலிருந்து பாறைக் கோள்கள் மட்டும் வரலாம்.