பக்கத்து பெஞ்சைப் பார்த்து வரை

வணக்கம். பிள்ளைகளோடு பள்ளியில் நடத்திய ஓர் ஓவியத் திட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலியில் கூப்பிட்டிருக்கிறார்கள். படத்தைக் காட்டாமல் படத்தைப் பற்றிப் பேசுவது வேடிக்கையான வேலைதான். பார்ப்போம்.

தலைப்பு பெரிய தலைப்பு, 'பண்பாடும் படைப்பாற்றலும்'. ஏழாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு பீரியட் என்று ஆறு வாரம். முதல் வாரம் நான் செய்ததைக் கேட்டால் மற்ற ஓவிய ஆசிரியர்கள் சிரிப்பார்கள், அவர்களும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள் என்பதால். கரும்பலகையில் 'நமது பண்பாடு' என்று எழுதி, விழா உடுப்பில் ஓர் ஆணையும் பெண்ணையும் மாதிரிக்குப் போட்டுக் காட்டினேன். முப்பத்திரண்டு தாளிலும் அதே ஆண், அதே பெண். போதாததற்குப் பின்னால் இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன். இந்த மலையை நான் போட்டுக் காட்டவே இல்லை என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அடுத்த வாரம் தலைப்பை அழித்துவிட்டு வேறொன்று கேட்டேன். உங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது யார், எழுந்ததும் அவர் கை என்ன செய்கிறது, கையை மட்டும் வரையுங்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. பாதிப் பேருக்குத் தெரியவில்லை. சரி, நாளைக்குப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுதான் வீட்டுப்பாடம் என்றேன்.

அப்புறம் வந்த தாள்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒரு பையன் வரைந்தது மூக்குக்கண்ணாடியைத் தேடும் கை, கண்ணாடி ஒரு மூலையில், கை எதிர் மூலையில், நடுவில் வெறும் வெள்ளைத்தாள். இன்னொருவன் தலையணைக்கு அடியில் போய் போனின் அலாரத்தை அணைக்கும் விரல்கள். ஒரு தாத்தாவின் கை சட்டைப் பொத்தானைப் போடப் பார்க்கிறது, பொத்தானும் துளையும் சந்திக்கவே இல்லை, நடுக்கத்தைக் காட்ட அந்தப் பிள்ளை ஒரே கோட்டை நான்கு முறை இழுத்திருக்கிறாள், இதை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருத்தி கையைத் தலைகீழாக வரைந்திருந்தாள். ஏம்மா என்றால், "படுத்துக்கிட்டே பார்த்தா அப்படித்தான் சார் தெரியும்." வாயை மூடிக்கொண்டேன்.

என்னைக் கேட்டால் பண்பாடு இங்கேதான் இருக்கிறது. விழா உடுப்பு வருஷத்துக்கு இரண்டு நாள் பெட்டியை விட்டு வெளியே வருகிறது, இந்தக் கைகளின் வேலை தினமும் நடக்கிறது.

வண்ணம் தீட்டுகிற நேரத்தில் ஒரு குரல்: "சார், ஸ்கின் கலர் யார்கிட்ட இருக்கு?" எல்லோரும் தேடியது அந்த வெளிறிய இளஞ்சிவப்புக் கிரேயான் குச்சியை, வகுப்பில் ஒருவருடைய கையும் அந்த நிறத்தில் இல்லை. கிரேயான் செய்யும் அமெரிக்க நிறுவனமான கிரேயோலா அந்த வண்ணத்தைச் 'சதை நிறம்' என்ற பெயரில்தான் விற்றுக்கொண்டிருந்தது, 1962-ல் பெயரை 'பீச்' என்று, பீச் பழத்தின் பெயருக்கு, மாற்றியது. பல தோல் நிறங்களுக்கென்றே 24 கிரேயான் கொண்ட பெட்டியை அவர்கள் கொண்டுவந்தது 2020-ல். பெயர் மாறி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பெஞ்சில் இன்னும் மாறவில்லை. சரி, குச்சியை எல்லாம் உள்ளே வையுங்கள் என்று சொல்லி சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கு பெயிண்டை மட்டும் கொடுத்தேன். கலந்து, ஒரு பொட்டு மணிக்கட்டில் வைத்துப் பார், அது தோலோடு கலந்து காணாமல் போகிறவரை விடாதே. இரண்டு பீரியட் முழுக்க இதிலேயே போனது. தன் தோலுக்குள் இத்தனை நீலம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். "பக்கத்துத் தாளைப் பார்க்காதே" என்று வருஷக்கணக்காகக் கத்தியிருக்கிறேன், கணக்குப் பரீட்சையில் சொல்வதை ஓவிய வகுப்பிலும் அப்படியே சொன்னேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

1880-களில் இத்தாலியின் பொலோன்யா நகரில் கொராடோ ரிச்சி என்ற கலை அறிஞர் மழைக்கு ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கினார். சுவர் முழுக்கக் கிறுக்கல்கள், மேலே பெரியவர்களுடையது, கீழே போகப் போகச் சின்னப் பிள்ளைகளுடையது. அங்கே பிடித்த ஆர்வத்தில் குழந்தை ஓவியங்களைப் பற்றி 1887-ல் ஒரு சிறுநூலே எழுதிவிட்டார். அந்தக் காலப் பிள்ளைகள் பக்கவாட்டில் முகம் வரைந்தால் பெரும்பாலும் அதில் இரண்டு கண் போடுவார்கள். வெகுகாலம் கழித்து பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தபோது அந்த இரட்டைக்கண் முகம் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. அது குழந்தை மனத்திலிருந்து தானாக ஊறி வருவதாக இருந்தால் இன்றைக்கும் வரவேண்டுமே? பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றது அது, பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் போனபோது அதுவும் போய்விட்டது என்பது அவர்கள் வாதம்.

ரோடா கெலாக் என்ற அம்மையார் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைக் கிறுக்கல்களைச் சேர்த்து, எந்த நாடானாலும் அடிப்படைக் கிறுக்கல் இருபது வகைதான் என்றார். ஆக, இரண்டு வயதில் எல்லாரும் ஒரே மாதிரி கிறுக்குகிறோம். வித்தியாசம் எல்லாம் அதற்கப்புறம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் வருகிறது. வியன்னாவில் 1897-ல் பிள்ளைகளுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கிய ஃபிரான்ஸ் சிஷெக், யாரும் குறுக்கிடக்கூடாது, குழந்தை தானாக வளரட்டும் என்றவர். பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவர் வகுப்புப் படங்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம், எல்லாம் ஒரே சாயல்!

அந்த இரண்டு மலையும் அப்படித்தான். எந்தப் பாடப்புத்தகமும் அதை வரையச் சொல்லவில்லை, அக்காவிடமிருந்து தம்பிக்கு, பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு அது கைமாறி வந்திருக்கிறது. பிள்ளைகள் தாங்களே காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு மரபை நான் மட்டும் 'காப்பி' என்று திட்டிக்கொண்டிருந்தேன். என் மாதிரிப் படத்தை அவர்கள் பார்த்துப் போட்டது வேறு கதை, அது மதிப்பெண்ணுக்குப் பயந்து போட்டது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்காட்சி என்று வந்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. "நல்லதாகப் பத்து எடுத்து வையுங்கள், விருந்தினர்கள் வருகிறார்கள்" என்று மேலிடத்தில் சொன்னார்கள், நான் அந்தத் தாத்தா கையின் நான்கு கோட்டில் மூன்றை ரப்பரால் அழித்து 'சுத்தம்' செய்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போகவே இல்லை, அதனால்தான் என்னிடம் இருக்கிறது.

கடைசி வாரம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நீளத் தாளைத் தரையில் விரித்துவிட்டு, யார் தாளையும் பார்க்கலாம், எதையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்ததில் ஒன்றையாவது மாற்ற வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தேன். முதல் ஐந்து நிமிஷத்தில் ஒரு பையன் இரண்டு மலை போட்டுவிட்டான், பழக்கதோஷம். பக்கத்திலிருந்தவன் அந்த மலைக்கு நடுவே சூரியனை எடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியை வைத்தான். கையைத் தலைகீழாக வரைந்தாளே, அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதே இரண்டு மலையைப் போட்டு, மேலே போர்வையின் கட்டங்களை வரைந்து, அடிவாரத்தில் பத்துக் கால்விரல்களை நீட்டிவிட்டாள். மலை அவளுடைய முழங்கால்கள். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, அடுத்த பீரியட் கணக்கு வாத்தியார் வாசலில் நின்று இரண்டு தடவை இருமினார்.