தனியாக வெளிநாடு: முதல் நாளில் உங்கள் மூளை உங்களிடம் இல்லை

[திரை: விமானத்தின் சன்னல். வெளியே இருட்டு, ஓடுபாதை விளக்குகள்.]

சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. இனி ஆறு மாதத்துக்கு நீங்கள் தனி. இந்த நீண்ட பயணத்தில் நீங்கள் மிக மந்தமாக இருக்கப்போகும் நாள் இன்றுதான். மிக அதிகமான முடிவுகளை எடுக்க வேண்டிய நாளும் இன்றுதான். சிக்கல் மொத்தமும் இதில்தான் இருக்கிறது.

மந்தம் சோம்பலால் வருவதல்ல. பறக்கும் விமானத்துக்குள் இருப்பது தரைமட்டக் காற்றழுத்தம் அல்ல. ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள ஒரு மலையின் அழுத்தம். ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அந்த மலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓர் இரவைக் கழித்துவிட்டு இறங்குகிறீர்கள். இப்போது உங்களிடம் யாராவது கணக்குக் கேட்டால் தப்பாகத்தான் சொல்வீர்கள். அதனால் முதல் நாளுக்கான முடிவுகளை வீட்டிலேயே, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் எடுத்துவைத்துவிட வேண்டும்.

[திரை: குடியுரிமைச் சோதனை வரிசை.]

அதிகாரி பெரும்பாலும் மூன்றே கேள்விகள் கேட்பார். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், எப்போது கிளம்புகிறீர்கள். மூன்றுக்கும் பதில் காகிதத்தில் இருக்கட்டும். கைப்பேசியின் சார்ஜ் தீர்வதற்கென்றே ஒரு நேரம் உண்டு. அது இந்த வரிசையில் நிற்கும் நேரம். கடவுச்சீட்டில் முத்திரை குத்தினால், அங்கேயே நின்று தேதியைப் படியுங்கள். தவறு இருந்தால் அந்த நிமிடத்தில் திருத்திவிடலாம். நான்கு மாதம் கழித்து வேறோர் எல்லையில் நின்று விளக்குவது வேறு கதை.

பெட்டி வரவில்லையா? விமான நிலையத்தைவிட்டு வெளியேறாதீர்கள். விமான நிறுவனத்தின் முகப்பில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பன்னாட்டு விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், பெட்டி சேதமாகியிருந்தால் கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தந்தாக வேண்டும்.

[திரை: பணம் எடுக்கும் இயந்திரம். இரண்டு பொத்தான்கள்.]

அடுத்து, பார்க்க நல்லதுபோலவே இருக்கும் ஒரு பொறி. இயந்திரம் அன்பாகக் கேட்கும்: உங்கள் சொந்த நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா? பழகிய நாணயத்தைப் பார்த்ததும் சோர்ந்த மனம் ‘ஆம்’ என்று அழுத்திவிடும். நானும் ஒரு முறை, விடியாத நேரத்தில், கண் எரிய எரிய அழுத்தியிருக்கிறேன். ‘ஆம்’ என்றால், மாற்று விகிதத்தை இயந்திரக்காரர் தன் லாபத்தைச் சேர்த்து வைப்பார். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுத்தால் உங்கள் அட்டையின் விகிதம் பொருந்தும். பெரும்பாலும் அதுதான் மலிவு. இந்த ஒரு பதிலை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து அறைக்கு எப்படிப் போவது என்பதும் வீட்டில் முடிவாகியிருக்க வேண்டும். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்தால், இணையம் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

[திரை: உலக வரைபடம். ஒரு கடிகாரம் பின்னோக்கி, இன்னொன்று முன்னோக்கி.]

எல்லோரும் தப்பாகச் சொல்லும் விஷயத்துக்கு இப்போது வருவோம்: நேர வித்தியாசத்தால் தூக்கம் குழம்பும் ஜெட் லேக். ‘போய் இறங்கியதும் நல்ல வெயிலில் நில்லுங்கள், உடல் சரியாகிவிடும்’ என்பார்கள். பாதிதான் உண்மை.

நமது உடல் கடிகாரம் மூளையில், பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது. அதைத் திருத்தும் வலுவான கருவி வெளிச்சம்தான். ஆனால் எந்த நேரத்தில் படுகிறது என்பதைப் பொறுத்து, அதே வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கும் தள்ளும், பின்னுக்கும் இழுக்கும். நீங்கள் வழக்கமாக எழுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைகிறது. அதுதான் திருப்புமுனை. அதற்கு முன் பட்ட வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும். பின் பட்டது முந்தச் செய்யும்.

கணக்குப் போடுவோம். வீட்டில் காலை 7 மணிக்கு எழுபவர் நீங்கள்; உங்கள் திருப்புமுனை ஏறத்தாழ அதிகாலை 4. கிழக்கே எட்டு மணி நேர வித்தியாசமுள்ள ஊரில் காலை 7-க்கு இறங்குகிறீர்கள். உடலுக்கு அப்போது இரவு 11. உங்கள் திருப்புமுனை அங்கே நண்பகல் 12-க்கு வருகிறது. கடிகாரத்தை முந்தச் செய்ய வேண்டிய நீங்கள், அந்தக் காலை வெயிலில் நின்றால் அதை எதிர்த்திசையில் இழுக்கிறீர்கள். நண்பகல்வரை கறுப்புக் கண்ணாடி, அதன் பின் நடை என்பதே சரி. மேற்கே போனவருக்கு இந்தத் தொல்லை குறைவு. மாலை வெளிச்சம் மறையும்வரை வெளியே இருந்தால் போதும். மனிதக் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம் என்பதால், ஒரு நாளின் நீளத்தை நீட்டுவது உடலுக்கு எளிது, சுருக்குவதுதான் கடினம்.

[திரை: சிறிய அறை. கட்டில்மேல் திறக்காத பெட்டி.]

மாலையில் இன்னொன்று வரும். ‘எதற்காக வந்தேன்?’ என்ற கேள்வி. பெரும்பாலும் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள். அதற்கு இன்று பதில் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டின் விலையைத் தேடவும் வேண்டாம். வீட்டுக்கு ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று இரண்டு வரி அனுப்புங்கள். நீண்ட உரையாடல் நாளைக்கு. குளியுங்கள், எதையாவது சாப்பிடுங்கள், உள்ளூர் இரவு வரை தாக்குப்பிடியுங்கள்.

[திரை: இருட்டு. கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம்.]

அப்படியும் தூக்கம் சரியாக வராது. 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: புதிய இடத்தில் முதல் இரவு, ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு உறங்குவதில்லை. பழக்கமில்லாத ஒலிகளுக்குக் காது கொடுத்தபடி காவல் இருக்கிறது.

ஆகவே இரவு மூன்று மணிக்கு, நடைவழியில் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் விழித்துக்கொள்வீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. காவலாளி வேலையைச் செய்திருக்கிறான். விளக்கைப் போடாமல் திரும்பிப் படுங்கள்.