ஓடுகிற பிள்ளையும் மூடுகிற நூலகமும்

அவைத் தலைவர் அவர்களே, கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கலாசார உத்தியோகத்தர் அவர்களே, மழையையும் பாராமல் கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் அதிபர் ஐயா அவர்களே, இப்போதுதான் உள்ளே வரும் சபை உறுப்பினர் அவர்களே (அந்தக் கதிரையைக் கொஞ்சம் விடுங்கள் தம்பி), பெற்றோரே, பிள்ளைகளே, வணக்கம்.

இளையோருக்கான இந்தத் திகில் நாவலின் கதை, நடை, அட்டைப்படம் மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி, கதை.

செய்யாத குற்றத்துக்குத் தேடப்படும் பதினாறு வயதுப் பெண். தனியே ஓடியிருந்தால் எப்போதோ தப்பியிருப்பாள். கூடவே இரண்டு சிறுசுகள், சின்னதுக்கு இருமல். லொறிக்குள் ஒளிந்திருக்கும்போது சால்வை நுனியைச் சுருட்டி அதன் வாயில் வைக்கிறாள். வெளியே சப்பாத்துச் சத்தம். எனக்கு நெஞ்சு அடித்தது அந்த இருமலுக்குத்தான். துப்பாக்கி வரும் இடங்கள் சுமார்.

அவள் பாண் திருடுகிறாளே, பொய் சொல்கிறாளே என்று பெற்றோர் முகம் சுளிக்க வேண்டாம். ஆபத்துக்குப் பாவமில்லை! ஓடி ஒளிபவர் எல்லாம் கெட்டவரா? புறநானூற்று வள்ளல் குமணன் யார்? சொந்தத் தம்பியே தன் தலைக்கு விலை வைத்ததால் காட்டில் மறைந்திருந்தவன். பாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல், தலையை வெட்டிக் கொண்டுபோகும்படி வாளை நீட்டினான்.

பாலங்கள் வருவதற்கு முன்பு மூதூருக்கு லோஞ்சில்தானே போனோம். ஒருநாள் ஒரு பெடியன் கதைப்புத்தகத்தோடு ஏறினான். மூதூர் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள், மீன் கூடை இறங்கியது, சைக்கிள் இறங்கியது, இவன் இறங்கவில்லை. லோஞ்ச் திரும்பித் திருகோணமலைக்கே வந்துவிட்டது. "தம்பி, ரெண்டு டிக்கெட் காசு எடு!" என்றார் லோஞ்ச்காரர். "அண்ணை, அவன் ஐஸ் பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கிறான், நான் எப்படி இறங்குறது?" என்றான் இவன். அவர் பதறிப்போய் மீன்காரரின் பெட்டியைத் திறந்து பார்த்தார்! உள்ளே சூரை மீன். விசயம் விளங்கியதும் காசை விட்டுவிட்டு, "பிறகு பிடிச்சிட்டாங்களா?" என்று பக்கத்தில் குந்தினார். "இல்லை" என்று முடிவை மாற்றிச் சொன்னானாம். ஆபத்துக்குப் பாவமில்லை!

அப்படி வாசிக்கிற பெடியன்கள் இன்றும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், டியூசன் எல்லாம் முடிந்து அவர்கள் வரும்போது எங்கள் பகுதி நூலகம் பூட்டியிருக்கிறது. இளையோருக்கென்று ஒரு தட்டும் இல்லை. இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள் என்கிறோம். ஆளில்லை என்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முறைபோட்டு இருக்கத் தயார், நானும் வருகிறேன்.

நேரம் முடிந்ததென்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது. அட்டைப்படம் நன்றாக இருக்கிறது. நூலக நேரத்துக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்கு முன் கையெழுத்துப் போடுங்கள். உறுப்பினர் ஐயா, முதல் வரியை உங்களுக்காக விட்டிருக்கிறோம்.