பாலுக்குப் பூனை காவலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கடலையும் கரையையும் காக்கத் தலைமையேற்க வேண்டியது அரசா, கடலோர மக்களா என்ற கேள்விக்கு, மக்களே என்று வாதிட வந்திருக்கிறேன்.

மீன் பிடிப்பவரிடமே கடலை ஒப்படைப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகும் என்று எதிரணித் தலைவர் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் எந்தப் பூனை என்பதை அவர் சொல்லாமலேயே அமர்ந்துவிட்டார்.

அந்தப் பூனையைத் தேடிக் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரைக்குப் போவோம். 1497இல் கடலோடி ஜான் கேபட் அங்கே சென்று திரும்பிய பிறகு, கல் கட்டிய கூடையை இறக்கினாலே மீனை அள்ளலாம் என்று ஐரோப்பாவில் பேசிக்கொண்டார்கள். காட் (cod) என்ற அந்த மீனை நம்பியே தலைமுறை தலைமுறையாக ஊர்கள் வாழ்ந்தன. 1977இல் கனடா அரசு 200 கடல் மைல் வரை தன் உரிமையை நீட்டி, அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. நல்ல செயல்தான். ஆனால் அவை விட்டுச்சென்ற இடத்தில் உள்நாட்டு இழுவைக் கப்பல்கள் பெருகின. மீன்வளம் குறைந்தாலும் எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேரும் என்பதால் அக்கப்பல்களின் வலை நிறைந்துகொண்டே இருந்தது. அந்தக் கணக்கைப் பெரிதும் நம்பிய அதிகாரிகள் கடலும் நிறைந்திருப்பதாக எண்ணினார்கள். மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று 1980களிலேயே சொன்ன கரையோரச் சிறுபடகு மீனவர்களின் பேச்சு அம்பலம் ஏறவில்லை.

1992 ஜூலை 2 அன்று, காட் மீன் பிடிக்கவே கூடாது என்று அரசு தடை விதித்தது. அதற்கு முந்தைய நாள், பே புல்ஸ் என்ற ஊரில் கொதித்துப்போய் நின்ற மீனவர்களிடம் மீன்வளத் துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி என்ன சொன்னார் தெரியுமா? கடலிலிருந்து மீனை எடுத்தது நானல்ல என்றார். நடுவர் அனுமதித்தால் இன்னொரு முறை சொல்கிறேன்: மீனை எடுத்தது நானல்ல! உண்மைதான், ஐயா, உங்கள் கையில் தூண்டில்கூட இல்லை. நீங்கள் வலை வீசவில்லை, படகு ஏறவில்லை, சட்டையில் ஒரு செதிலும் ஒட்டவில்லை. ஆனால் எவ்வளவு மீன் எடுக்கலாம் என்று ஆண்டுதோறும் அளவு குறித்துக் கொடுத்தது எந்தக் கை? எதிரணித் தலைவருக்கு நானும் ஒரு பழமொழியைத் திருப்பித் தருகிறேன்: பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். இது யாருக்குப் பொருந்தும் என்பதை அவரே சொல்லட்டும்.

தொலைதூரக் கப்பல்களை விரட்ட அரசின் ரோந்துப் படகு தேவையே, மறுக்கவில்லை. ஆனால் ரோந்து செல்வது வேறு, தலைமையேற்பது வேறு. பிலிப்பைன்ஸில் ஆப்போ என்ற சிறு தீவின் மீனவர்கள், சிலிமன் பல்கலைக்கழக உயிரியலாளர் ஏஞ்சல் அல்கலாவின் சொல்லைக் கேட்டுச் சீர்தூக்கி, 1982இல் தங்கள் பவளப்பாறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் மீன்பிடிப்பதை நிறுத்தி, தாங்களே காவல் காத்தார்கள். உள்ளே மீன் பெருகியது. வெளியே வலை வீசியவர்களும் பயன் பெற்றார்கள். நண்பரே, நீங்கள் தேடிய பூனை இதுதான். பால் தீர்ந்தால் வேறு அடுக்களை தேடிப் போக வழியில்லாத பூனை.

நடுவர் அவர்களே, இரண்டு ஆண்டுக்கென்று கனடா அறிவித்த அந்தத் தடை நீங்க 2024 ஆனது. ஒரே அறிவிப்பில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வேலையிழந்தார்கள். பிள்ளைகள் பிழைப்புத் தேடி வேறு மாகாணங்களுக்குப் போனார்கள். படகை மகனுக்கு விட்டுச்செல்வோம் என்றிருந்த தகப்பன்மார், மகனையே வழியனுப்பினார்கள். அந்தத் தகப்பன்மார் முன்பே எச்சரித்தவர்கள். அன்று அவர்களைக் கேட்க ஆளில்லை. இன்று இந்த அவை கேட்டிருக்கிறது. அவர்கள் பக்கம் தீர்ப்பளியுங்கள் என்று வேண்டி அமர்கிறேன். நன்றி.