மீன் குட்டைக்காக ஒதுங்கிய ரேஸ் டிராக்

[திரையில்: மேலிருந்து பார்த்தால் தெரியும் டார்லிங்டன் டிராக்]

இந்த டிராக்கைப் பாருங்கள். ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம். முட்டை மாதிரி இருக்கிறதா? இது யாரும் ஆசைப்பட்டு வரைந்த வடிவம் இல்லை. ஒரு குட்டைக்காக வளைந்தது.

அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் இருக்கிற சின்ன ஊர் டார்லிங்டன். அந்த ஊர்க்காரர் ஹெரால்ட் பிராசிங்டன், இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே ஓடுவது பந்தயத்துக்கென்றே செய்த கார்கள். நாம் கடையில் வாங்குகிற சாதாரணக் கார்களையும் அப்படி 500 மைல் ஓடவிட்டால் என்ன என்ற யோசனை அவரை விடவில்லை. அப்போது இப்படிச் சாதாரணக் கார்களை வைத்து ஓட்டுகிற ‘ஸ்டாக் கார்’ பந்தயக் கார்கள் பெரும்பாலும் சின்ன மண் டிராக்குகளில்தான் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன.

ஷெர்மன் ராம்சி என்ற விவசாயியிடம் 70 ஏக்கர் நிலம் கிடைத்தது. ஒரே நிபந்தனை: அவருடைய மீன் குட்டையில் கை வைக்கக் கூடாது. சரி என்றார் பிராசிங்டன். அதனால்தான் ஒரு முனை ஒடுங்கிப்போனது. இன்றுவரை ஓட்டுநர்களுக்கு அது தலைவலி. ஒரு முனைக்குப் பொருந்துகிற மாதிரி காரைத் தயார் செய்தால், மறுமுனையில் அது சொன்ன பேச்சு கேட்காது.

டிராக் கட்டினால் மட்டும் போதுமா? கார்கள் வர வேண்டுமே. முதலில் ஒப்பந்தம் போட்ட அமைப்பால் போதுமான கார்களைத் திரட்ட முடியவில்லை. அப்புறம்தான் பில் பிரான்ஸின் ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் கைகோத்தது.

[திரையில்: 1950 செப்டம்பர் 4]

வரிசைக்கு மூன்றாக 75 கார்கள். சுமார் 25,000 பேர் கூட்டம், அதாவது ஊர் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு. 1.25 மைல் தார்ச் சுற்று, மொத்தம் 400 லேப். கனமான கார், சூடேறிய தார். டயர்கள் வரிசையாக வெடித்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார்களிலிருந்தே டயர் கழற்றி மாட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு.

ஜானி மான்ட்ஸ் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. 43-வது இடத்தில் கிளம்பியவர். அவருடைய சின்ன பிளிமத் காரில் கெட்டியான லாரி டயர்கள். நிதானமாகவே ஓட்டி, ஆறரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட பந்தயத்தில் ஒன்பது லேப் முன்னிலையில் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 75 மைல்தான்!

எனக்குப் பிடித்தது இதற்கடுத்த கட்டம். பிராசிங்டன் டார்லிங்டனை விட்டு விலகினார். நிர்வாகம் பாப் கால்வின் கைக்குப் போனது. ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. பில் லாண்டுடன் சேர்ந்து வடக்குக் கரோலினாவின் ராக்கிங்காமில் இன்னொரு டிராக்குக்கு அடிபோட்டார். 1965 அக்டோபரில் அங்கே முதல் பந்தயம். ஜெயித்தவர் கர்டிஸ் டர்னர். டார்லிங்டனின் அந்த முதல் பந்தயத்தில் முதல் வரிசையில் நின்ற அதே டர்னர்.